துவக்கை எங்கே வைத்தோம்? வாவிக் கரையில் நாம் பேசாமல் விட்ட ஒரு வரலாறு





பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்கு லைசன் வைத்திருக்கும் விவசாயச் சகோதரர்கள் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "சேர், துவக்கை வீட்டில் வைக்க எப்படிப்பட்ட பெட்டகம் வாங்கலாம்? கடையில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்."

வரலாறு படிப்பிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிலர் சிரிக்கலாம். யோசித்துப் பார்த்தால் இது வரலாற்றுக் கேள்விதான். நம் பிரதேசத்தில் துவக்கால் நடந்த பல அழிவுகளுக்குப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது: அந்தத் துவக்கு அதற்கு முந்திய இரவு எங்கே இருந்தது? யார் சுட்டார் என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறோம். அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. இன்று அதைப் பேசுவோம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

*கோட்டைக்குள் இருந்த துவக்கு*

1626ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களில் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். இது நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. இரண்டே ஆண்டில், 1628இல், அதே போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638 மே மாதம் ஒல்லாந்தர் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். பின்னர் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது.

இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. நடுவே தடித்த சுவர். மன்னர்களும் ஐரோப்பியரும் ஒரு விடயத்தைத் தெளிவாக விளங்கியிருந்தார்கள். துவக்கும் மருந்தும் இருக்கிற இடத்துக்குச் சுவர் வேண்டும், காவல் வேண்டும், திறப்பு யாரிடம் என்ற ஒழுங்கு வேண்டும். அந்தக் கோட்டையை ஒரு பெரிய பெட்டகம் என்றே சொல்லலாம்.

பிற்காலத்தில் அதே கோட்டைக்குள்தான் கச்சேரி இயங்கியது. பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்கு லைசன் கேட்டு நம் மூத்தவாப்பாமார் படியேறியது அங்கேதான். துவக்கு ஊருக்குள் வந்துவிட்டது, கோட்டையில் கடதாசி மட்டும் மிஞ்சியது.

*துவக்கில்லாமல் யானை பிடித்தவர்கள்*

நம் முன்னோர் காட்டோடு வாழ்ந்தது துவக்கை நம்பி அல்ல. ஏறாவூர்ப் பணிக்கர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தோலால் முறுக்கிய கயிற்றோடு யானையின் பின்னால் போய், காலில் சுருக்குப் போட்டு, மரத்தில் கட்டிப் பிடித்தவர்கள் அவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய எமர்சன் ரெனன்ற், முஸ்லிம் பணிக்கர்களின் துணிவை வியந்து எழுதியிருக்கிறார். உயிரோடு பிடித்தால்தான் யானைக்கு விலை. செத்த யானையால் பணிக்கருக்கு என்ன இலாபம்?

அதே ரெனன்ற் இன்னொரு கணக்கையும் தருகிறார். யானையைக் கொன்றால் பரிசு என்று ஆங்கில அரசு அறிவித்தது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்கும் குறைந்த காலத்தில், 3500 யானைகள் கொல்லப்பட்டன. தென் மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை 2000. துரைமார் பொழுதுபோக்குக்காகச் சுட்டார்கள், ஊரவர் பரிசுக்காகச் சுட்டார்கள். கயிறும் கண்ணும் காலும் செய்த வேலையைத் துவக்கு எடுத்துக்கொண்டது.

இப்படித்தான் துவக்கு கிராமத்து வீட்டுக்குள் குடிவந்தது. முதலில் இடியன் துவக்கு. குழாய் வாயால் மருந்தும் சன்னமும் போட்டு இடித்து இறுக்குவதால் அந்தப் பெயர். பின்பு தோட்டா போடும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துவக்குகள் வந்தன. படுவான்கரை வயல்களில் பன்றி இறங்கினால் ஒரே இரவில் ஒரு வட்டை நாசம். பரணில் படுத்து, தகரம் தட்டி, தீ மூட்டி, கடைசி வழியாக வெடி வைப்பார்கள். பன்றி விழுந்தாலும் அது நமக்கு ஆகாது, பக்கத்துத் தமிழ்ச் சகோதரர்களுக்குப் போகும். மான், மரை என்றால் உயிர் போகுமுன் அறுக்கக் கத்தியோடு ஓடவேண்டும். இப்படி இரண்டு சமூகத்துக்கும் பொதுவான ஒரு காட்டு வாழ்க்கை இங்கே இருந்தது. இன்று மான், மரை வேட்டை சட்டப்படி குற்றம். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டு இன்னும் கடுமையாகியிருக்கிறது. இந்தப் பதிவு லைசன் உள்ள பயிர்ப் பாதுகாப்புத் துவக்கைப் பற்றியது மட்டுமே.

*முகட்டு வளையில் சொருகிய காலம்*

1915இல் தென்னிலங்கையிலும் கண்டிப் பக்கத்திலும் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் நடந்தது. அடுத்த ஆண்டு, 1916இல், 33ஆம் இலக்கச் சுடுகலன் சட்டம் வந்தது. ஒன்றுக்கு மற்றது காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் லைசன் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது, லைசனை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்ற நடைமுறைக்கு இன்றுவரை அடிப்படையாக இருப்பது அந்தச் சட்டம்தான்.

கச்சேரியில் பெயரும் இலக்கமும் பதிவாயின. வீட்டில் துவக்கு இருந்த இடம் என்ன? சுவரில் அடித்த ஆணி, முகட்டு வளை, அலுமாரியின் பின்பக்கம், நெல் மூட்டைகளின் இடுக்கு. போடியார் வீடு என்றால் விறாந்தையில் எல்லோருக்கும் தெரியத் தொங்கும், அது ஒரு மதிப்பு. யார் வீட்டில் துவக்கு இருக்கிறது, எந்த மூலையில் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். ஊரே உறவாக இருந்த காலத்தில் அது பெரிய பிழையாகத் தெரியவில்லை. காலம் மாறியபோதுதான் அதன் விலை தெரிந்தது.

*கதவைத் தட்டிக் கேட்ட காலம்*

1971 ஏப்ரலில் தெற்கில் கிளர்ச்சி வெடித்தபோது இளைஞர்களின் கையில் இருந்தவற்றில் பெரும்பகுதி வீடுகளிலிருந்து எடுக்கப்பட்ட வேட்டைத் துவக்குகளும் கையால் செய்த குண்டுகளும். 1987 முதல் 1989 வரையிலும் அதே கதை. இரவில் வந்து கதவைத் தட்டி, "துவக்கைத் தாருங்கள்" என்று கேட்பார்கள். கொடுத்தால் ஒரு பிரச்சினை, கொடுக்காவிட்டால் இன்னொரு பிரச்சினை.

வடக்கு கிழக்கிலும் ஆயுதக் குழுக்களின் தொடக்க காலம் இப்படித்தான். விவசாயியின் லைசன் துவக்கு அவர்களுக்குக் கிடைத்த இலகுவான ஆயுதம். துவக்குக்காரர் இரண்டு பக்கத்தாலும் நசுங்கினார். பறித்தவர்களுக்கும் பயம், பறிகொடுத்ததற்குப் பொலிஸில் பதில் சொல்லவும் பயம். தமிழ் விவசாயி, முஸ்லிம் விவசாயி என்ற பேதம் இதில் இருக்கவில்லை.

பிறகு ஊர்காவல் படை வந்தது. நம் ஊர்களில் இளைஞர்கள் துவக்கோடு எல்லையில் நின்றார்கள். வயல் காக்க வந்த அதே வகைத் துவக்கு இப்போது மனிதனுக்கு எதிராக நீட்டப்பட்டது.

1990 ஜூன் 11. கிழக்கில் பொலிஸ் நிலையங்கள் சுற்றிவளைக்கப்பட்டன. சரணடைந்த பொலிஸார் கொல்லப்பட்டார்கள். 600க்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. அந்த நிலையங்களின் ஆயுதக் களஞ்சியங்கள் அப்படியே கைமாறின. அதன் பின் வந்த ஓகஸ்ட் மாதத்தை நான் விளக்கத் தேவையில்லை. 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், 11ஆம் திகதி இரவு ஏறாவூர். இரண்டு இடத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். தமிழ்க் கிராமங்களும் அதே மாதங்களில் தங்கள் பிள்ளைகளை இழந்தன. யாருடைய கண்ணீரையும் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை.

இதில் நம் தலைப்புக்குரிய பாடம் ஒன்றுதான். தடித்த சுவரும் சீருடையும் இருந்த இடத்திலிருந்தே ஆயுதம் கைமாறியது என்றால், முகட்டு வளையில் சொருகிய துவக்கு எம்மாத்திரம்?

*வவுணதீவு*

யுத்தம் முடிந்து ஒன்பது ஆண்டுகளின் பின் அதே பாடம் மீண்டும் வந்தது. 2018 நவம்பர் 30, அதிகாலை. வவுணதீவு வீதிச் சாவடியில் கடமையில் இருந்த இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டு அவர்களின் ஆயுதங்கள் எடுத்துச் செல்லப்பட்டன. முன்னாள் புலி உறுப்பினர் ஒருவர் சந்தேகத்தில் கைதாகி மாதக்கணக்கில் உள்ளே இருந்தார். 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின்னர்தான், இதைச் செய்தவர்கள் சஹ்ரானின் குழுவினர் என்று புலனாய்வாளர்கள் சொன்னார்கள். அந்த மனிதர் விடுவிக்கப்பட்டார்.

இது நமக்கு வலிக்கிற செய்தி, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு ஆயுதம் தவறான கைக்குப் போனதால் இரண்டு குடும்பம் தங்களில் ஒருவரை இழந்தது, சம்பந்தமே இல்லாத ஒருவர் சிறையில் இருந்தார். பழி ஒரு சமூகத்தின் மேல் விழுந்து பிறகு இன்னொரு சமூகத்தின் மேல் விழுந்தது. களவு போன ஆயுதம் பேசுவதில்லை. அது யார் கையில் இருந்தாலும் சந்தேகம் எல்லார் மேலும் விழும். 2019க்குப் பின் நம் வீடுகளில் நடந்த தேடுதல்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அடுப்படிக் கத்திகூடக் கேள்விக்குள்ளான காலம் அது. அப்படிப்பட்ட மண்ணில் லைசன் துவக்கு வைத்திருக்கிற நம் சகோதரருக்கு மற்ற ஊரவரைவிடக் கூடுதல் பொறுப்பு இருக்கிறது.

*பெட்டகம் மட்டும் போதுமா?*

வெளிநாட்டிலிருந்து ஒரு சம்பவம். ஜேர்மனியின் வினன்டன் என்ற சிறிய நகரம், 2009 மார்ச் 11. பதினேழு வயதுப் பையன் தான் முன்பு படித்த பாடசாலைக்குள் புகுந்து சுட்டான். அங்கும் தப்பியோடிய வழியிலுமாக 15 பேர் இறந்தார்கள், பிறகு தானும் செத்தான். அவனுடைய தகப்பன் துப்பாக்கிக் கழக உறுப்பினர். வீட்டில் 15 சுடுகலன்கள், எல்லாம் சட்டப்படியானவை. நல்ல பெட்டகமும் இருந்தது. 14 சுடுகலன்கள் அதற்குள் இருந்தன. ஒன்று மட்டும் படுக்கையறை அலுமாரியில், துணிகளுக்கு இடையில். பையன் எடுத்தது அதைத்தான். தகப்பனுக்கு நீதிமன்றம் தண்டனை விதித்தது. வகுப்பறையில் நிற்கிற எனக்கு அந்தப் பதினைந்தாவது துப்பாக்கியை நினைத்தால் இன்றும் உடம்பு சில்லிடுகிறது.

இன்னொன்று நம் நாட்டிலேயே நடந்தது. விவசாயக் குடும்பங்களில் கிருமிநாசினி குடித்து உயிரை மாய்ப்பதைக் குறைக்க, அனுராதபுர மாவட்டக் கிராமங்களில் வீடு வீடாகப் பூட்டுப் போட்ட பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள், பல ஆண்டு ஆய்வு. 2017இல் முடிவு வெளியானது. பெட்டி கொடுத்த கிராமங்களில் நஞ்சருந்துவது குறையவில்லை. நாள் போகப் போகப் பல பெட்டிகள் பூட்டப்படாமலே கிடந்தன. ஆனால் கொடிய நஞ்சுகளை அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்தபோது, 1995இல் உச்சத்தில் இருந்த தற்கொலை வீதம் பெருமளவு இறங்கியது.

இந்த இரண்டும் சொல்வது ஒன்றே. பெட்டகம் வாங்குவது ஒருநாள் வேலை, பூட்டுவது ஒவ்வொரு நாள் வேலை. பூட்டுகிற பழக்கம் இல்லாத வீட்டுக்குப் பெட்டகம் இன்னொரு தளபாடம். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: எனக்குத் துவக்கு உண்மையாகவே தேவையா? வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, பெருமைக்கு மட்டும் துவக்கு வைத்திருந்தால், அதை முறைப்படி ஒப்படைப்பதே மிகப் பாதுகாப்பான பெட்டகம்.

*சரி, என்ன பார்த்து வாங்குவது?*

தேவைதான் என்பவர்களுக்கு, விடயம் தெரிந்தவர்களிடம் கேட்டும் வாசித்தும் திரட்டியவற்றைச் சொல்கிறேன்.

1. நீளம். கடையில் 'சேப்' என்று விற்பது பெரும்பாலும் காசு, நகை வைக்கும் சிறு பெட்டி. வேட்டைத் துவக்கு ஏறக்குறைய நாலு அடி. உள்ளளவை அளந்து வாங்குங்கள். முறித்துத் திறக்கும் துவக்கு என்றால் குழலையும் பிடியையும் கழற்றித் தனித்தனியாகப் பூட்டலாம். ஒரு பகுதி களவு போனாலும் மற்றது இல்லாமல் அது வெறும் இரும்பு.

2. தகடு. கையால் அமத்தினால் வளைகிற தகட்டை ஒரு அலவாங்கு இரண்டு நிமிடத்தில் திறக்கும். 2 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, 3 என்றால் நல்லது. பிணைச்சல் வெளியே தெரிந்தால், அதை வெட்டினாலும் கதவு கழராதபடி உட்பக்கம் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டு ஒரு இடத்தில் மட்டும் கொழுவாமல் இரண்டு மூன்று இடத்தில் கொழுவ வேண்டும். நம் ஊர் வெல்டிங் கடையிலும் நல்லதாகச் செய்விக்கலாம். ஆனால் எதற்கு என்று ஊரெல்லாம் சொல்லிச் செய்விக்காதீர்கள்.

3. இறுக்கம். இறுக்காத பெட்டகத்தை இரண்டு பேர் தூக்கி லான்ட்மாஸ்டரில் ஏற்றிவிடுவார்கள், ஆறுதலாக வேறிடத்தில் உடைப்பார்கள். சுவருக்கும் நிலத்துக்கும் உட்பக்கமிருந்து ரோல் போல்ட் அடித்து இறுக்குங்கள். வெறும் கல்லுச் சுவரைவிடக் கொங்கிரீற்றுத் தூணும் கொங்கிரீற்று நிலமும் நல்லது. இரண்டு சுவர் சந்திக்கும் மூலை இன்னும் நல்லது, அலவாங்கு போட இடம் கிடைக்காது.

4. தோட்டா வேறு, துவக்கு வேறு. தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, தனிப் பூட்டு, முடிந்தால் வேறு அறை. தோட்டா போட்ட துவக்கை ஒருபோதும் பெட்டகத்துக்குள் வைக்காதீர்கள். வயலிலிருந்து வரும்போதே வெறுமையாக்கி, குழலுக்குள் கண்ணால் பார்த்துவிட்டு வைக்க வேண்டும்.

5. திறப்பு. நம் வீடுகளின் பெரிய ஓட்டை இதுதான். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பெட்டகம் வாங்கி, திறப்பை அதற்கு மேலேயே வைப்போம், அல்லது சாமான் அலுமாரியில் கொழுவுவோம். பிள்ளைகளுக்குத் தெரியாத இடம் என்று வாப்பா நினைக்கிற இடமெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியும். 25 வருடம் படிப்பித்தவன் சொல்கிறேன், நம்புங்கள். திறப்பு லைசன்காரரின் உடம்போடு இருக்கட்டும். இலக்கப் பூட்டு என்றால் பிறந்த திகதி, வாகன இலக்கம் வேண்டாம், பற்றரியை ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள்.

6. உப்பும் வெள்ளமும். வாவிக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். துணி உறையில், தோல் உறையில் துவக்கைச் சுற்றி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். உறையைக் கழற்றி, மெல்லிய எண்ணெய் பூசி, ஈரம் உறிஞ்சும் சிறு பொதிகளைப் போட்டு வையுங்கள். மாரி காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். 1978 சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்ட மண் இது. பெட்டகத்தை ஒரு அடி உயரக் கொங்கிரீற்றுக் கட்டில் ஏற்றி, பிறகு இறுக்குங்கள்.

7. லைசன். அது ஆளுக்கு உரியது, வீட்டுக்கு உரியது அல்ல. வாப்பா மௌத்தானால் அந்த லைசனும் அவரோடு முடிகிறது. "வாப்பாவின் ஞாபகம்" என்று வைத்திருந்தால் அது லைசன் இல்லாத துவக்கு. உடனே பொலிஸுக்கும் லைசன் வழங்கிய அலுவலகத்துக்கும் அறிவித்து முறைப்படி ஒப்படையுங்கள். தொலைந்தாலும் அப்படியே, அன்றைக்கே சொல்லுங்கள். துவக்கின் இலக்கத்தை எழுதி, படம் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். 2024 கடைசியில் தனிப்பட்ட பாதுகாப்புக்கான துவக்குகளைப் பாதுகாப்பு அமைச்சு மீளாய்வுக்காகத் திரும்பக் கேட்டது நினைவிருக்கலாம். ஒழுங்கான பதிவு உள்ளவருக்கு இப்படியான அழைப்புகள் பயம் தராது.

8. கட்டுத்துவக்கு. இதைத் தனியாகச் சொல்கிறேன். பன்றிக்கு என்று பாதையில் கட்டிவிட்டு வீட்டில் போய்த் தூங்குவது, துவக்கைப் பூட்டாமல் விடுவதன் மிக மோசமான வடிவம். விறகுக்குப் போன பிள்ளைக்கும் தேனெடுக்கப் போன மனிதனுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. சட்டத்திலும் குற்றம், மார்க்கத்திலும் பாவம்.

*அமானிதம்*

அம்போடு பள்ளிக்குள் வருகிறவர் அதன் கூர்முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், யாரையும் தெரியாமல் கீறிவிடக் கூடாது என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஆயுதத்தின் கூர் யாரையும் தொடாமல் பார்ப்பது அதைச் சுமப்பவரின் கடமை. அந்தக் காலத்தில் கூர்முனையை மூடக் கை போதுமாக இருந்தது, துவக்குக்கு இரும்புப் பெட்டகமும் பூட்டும் வேண்டியிருக்கிறது. கடமை அதேதான்.

யானைக்குக் கயிறு போட்ட பணிக்கரின் பேரப்பிள்ளைகள் நாம். பயம் இல்லாதவர்கள்தான். ஆனால் 1990ஐயும் 2019ஐயும் கண்டவர்கள், பயத்தோடு சேர்த்துப் பொறுப்பையும் படித்திருக்க வேண்டும். லைசன் துவக்கு உள்ள ஒவ்வொரு சகோதரரும் இன்றிரவு மஃரிபுக்குப் பின் ஒரு காரியம் செய்யுங்கள். துவக்கு எங்கே, தோட்டா எங்கே, திறப்பு எங்கே என்று மூன்றையும் கண்ணால் பாருங்கள். மூன்றும் ஒரே அறையில் இருந்தால், நாளைக்கே மாற்றுங்கள்.

பழைய இடியன் துவக்குகள், பணிக்கர்மார், பரண் காவல் பற்றித் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் எழுதுங்கள், அல்லது பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

அல்லாஹ் நம் வயல்களையும் பிள்ளைகளையும், பக்கத்து ஊர் அயலவர்களையும் பாதுகாப்பானாக.

வஸ்ஸலாம்.